தரம்பிரிப்போர்க்குத் தண்டமா?

கொழும்பு மாநகரம் மேல்நோக்கி வளர்ந்து வருகின்றது. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை முதலிய பகுதிகளிலே ஒருகாலத்தில் முற்றத்துடன் கூடிய தனிவீடுகள் நின்ற காணிகளில் இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. தெமட்டகொடை, வனாத்தமுல்ல ஆகிய இடங்களில், சேரிகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்கென அரசு அமைத்த மாடிக்கட்டடங்களும் உயர்ந்து நிற்கின்றன. வருவாயிலும் வாழ்க்கை முறையிலும் பெரிதும் வேறுபட்ட இவ்விரு சாராரையும் ஒரே வினா எதிர்நோக்குகின்றது. தாம் ஒதுக்கும் தாளையும் போத்தலையும் பிளாஸ்ரிக்கையும் மீள்சுழற்சிக்கு அனுப்புவதற்கு இவர்கள் மேலதிகக் கட்டணம் செலுத்துதல் வேண்டுமா?

செலுத்துதல் வேண்டும் என்போரின் வாதம் மேலோட்டமாக நோக்குமிடத்து நியாயமானதாகவே தோன்றும். தரம்பிரித்த கழிவுகளை வைப்பதற்குத் தனியிடம் வேண்டும். அவற்றைக் கீழிறக்குவதற்கு ஆள் வேண்டும். வேறாக ஏற்றிச் செல்வதற்கு வாகனம் வேண்டும். இவற்றுள் எதுவும் செலவின்றிக் கிடைப்பதன்று. பயன்பெறுபவன் செலவை ஏற்றல் வேண்டும், மாசுபடுத்துபவன் மாசுக்குரிய விலையைக் கொடுத்தல் வேண்டும் என்பன இவர்கள் எடுத்துக்காட்டும் இரு நியதிகளாகும். இந்நியதிகளில் தவறில்லை. ஆயின், அவற்றைத் தொடர்மாடிக் குடியிருப்பாளர் மீது பிரயோகிக்கும்போது மூன்று உண்மைகள் மறைக்கப்படுகின்றன.

முதலாவது, குப்பை அகற்றுவதற்கான செலவை இக்குடியிருப்பாளர் ஏலவே செலுத்தியுள்ளனர் என்பதாகும். சோலைவரி என மக்கள் வழங்கும் ஆதனவரி, தொடர்மாடியின் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே விதிக்கப்படுகின்றது. தனிவீட்டுக்காரன் பரந்த காணியொன்றுக்குச் செலுத்தும் வரியை, அதேயளவு காணியில் எழுந்த மாடிக்கட்டடத்தில் நாற்பது, ஐம்பது குடும்பங்கள் வெவ்வேறாகச் செலுத்துகின்றன. குப்பை ஏற்றும் வாகனமோ அந்த நாற்பது, ஐம்பது குடும்பங்களுக்காகவும் ஒரே வாயிலிலேயே நிற்கின்றது. வீட்டுக்குப்பையை அகற்றுதல் மாநகர சபையின் கடமை என மாநகர சபைகள் கட்டளைச்சட்டம் விதிக்கின்றது. அவ்வாறு சேகரிக்கப்பட்ட குப்பை சபையின் சொத்தாகும் எனவும், அதனை விற்பதற்கும் சபைக்கு அதிகாரமுண்டு எனவும் அதே சட்டம் கூறுகின்றது. பழைய பத்திரிகையையும் வெற்றுப் போத்தலையும் வீடுவீடாகச் சென்று காசு கொடுத்து வாங்கும் சிறுவியாபாரிகளைக் கொழும்பு நெடுங்காலமாக அறியும். சிறுவியாபாரி விலைகொடுத்து வாங்கும் பொருளை, கழுவிப் பிரித்துச் சபையிடம் ஒப்படைப்பவன் அதற்காகப் பணமுங் கொடுத்தல் வேண்டும் என்பது எவ்வகை நீதி?

இரண்டாவது, தரம்பிரித்தலால் பயன்பெறுபவர் யார் என்பதாகும். கொழும்பின் குப்பை நீண்டகாலம் புளூமெண்டலில் மலையாகக் குவிக்கப்பட்டது. பின்னர் அது மீத்தொட்டமுல்லவுக்கு மாறியது. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, அம்மலை சரிந்து வீழ்ந்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர்கள் அம்மலையின் அடிவாரத்தில் வாழ்ந்த எளிய மக்கள். நகரம் முழுவதும் உண்டு உடுத்து எறிந்தவை அவர்களுடைய கூரைகளின் மேல் வீழ்ந்தன. இதன்பின்னர், கொழும்பின் குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டிலே புதைக்கும் திட்டம் முன்னெடுக்கப்பட்டபோது அம்மாவட்ட மக்கள் வீதிக்கிறங்கிப் போராடினர். கெரவலப்பிட்டியில் 2021 ஆம் ஆண்டு குப்பையிலிருந்து மின்சாரம் பெறும் நிலையமொன்று திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் இலங்கையின் வீட்டுக்குப்பையிற் பெரும்பகுதி ஈரஞ்செறிந்த உணவுக்கழிவாதலின், அதனைப் பிரிக்காது எரிப்பது இலகுவன்று. ஆகவே, தன் சமையலறையிலேயே உக்குவதையும் உக்காததையும் வேறாக்கும் குடும்பம், தனக்கென எந்த வசதியையும் பெற்றுக்கொள்ளவில்லை. அது நகரத்துக்கு ஒரு சேவையைச் செய்கின்றது. குப்பைமலையின் உயரத்தைக் குறைப்பதும், அடிவாரத்து மனிதனின் உயிரைக் காப்பதும் அச்சேவையின் பயன்களாகும். சேவை செய்பவனிடம் சேவைக்கட்டணம் கேட்பது முறையாகாது.

மூன்றாவது, மாசுபடுத்துபவன் யார் என்பதாகும். மாசுபடுத்துபவனே செலவேற்றல் வேண்டும் என்னும் நியதியைப் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனம் 1972 ஆம் ஆண்டிலே வகுத்தபோது, அது முதன்மையாகக் கைத்தொழில்களையே கருத்திற் கொண்டிருந்தது. மாசைத் தடுக்கும் செலவு பொருளின் விலையிலும் உற்பத்தியாளனின் கணக்கிலும் இடம்பெறல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. இன்று அந்நியதி உற்பத்தியாளனைத் தாண்டி மூன்றாம் மாடியிலுள்ள இல்லத்தரசியின் கதவைத் தட்டுகின்றது. குளிர்பானம் கண்ணாடிப் போத்தலிலே விற்கப்பட்ட காலத்தில், வெறும் போத்தலைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தே புதியது வாங்கப்பட்டது. அப்போத்தலை ஏற்றிச் சென்று, கழுவி, மீள நிரப்பும் பொறுப்பு கம்பனியைச் சார்ந்திருந்தது. எறிந்துவிடும் பிளாஸ்ரிக் போத்தல் வந்தபின் அப்பொறுப்பும் செலவும் கம்பனியின் கணக்கிலிருந்து நீங்கின. அவை வீட்டின் மீதும் மாநகர சபையின் மீதும் சுமத்தப்பட்டன. இலாபம் ஒருவரைச் சேர, எச்சம் எல்லோரையும் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டைக் கேள்விக்குட்படுத்தாது குடியிருப்பாளனிடம் மேலதிகப் பணம் கோருவது, சுரண்டலுக்குப் பசுமைச் சாயம் பூசுவதேயாகும்.

நீதி ஒருபுறமிருக்க, இக்கட்டணம் தன் நோக்கத்தையும் நிறைவேற்றாது. தொடர்மாடியிலே எந்தப் பை எந்த வீட்டினது என்று அறிதல் அரிது. மேல்மாடியிலிருந்து கீழ்த்தளம்வரை செல்லும் ஒற்றைக் குழாயில் எல்லோரது குப்பையும் ஒன்றாகவே வீழும் கட்டடங்களில் அஃது அறவே இயலாது. எனவே கட்டணம் வீட்டுக்கு இவ்வளவு என ஒரே தொகையாக விதிக்கப்படும். பிரிப்பவனும் பிரிக்காதவனும் ஒரே தொகையைச் செலுத்துவராயின் பிரிப்பதற்குத் தூண்டுதல் எங்கே? விரும்பியோர் மட்டும் பணஞ்செலுத்தி மீள்சுழற்சியிற் சேரலாம் என்பராயின் நிலைமை இன்னும் மோசமாகும். சேராதிருத்தல் இலாபமாகவும் சேருதல் நட்டமாகவும் அமைந்துவிடும். வெள்ளவத்தையின் வசதிபடைத்த குடும்பம் இத்தொகையை உணராமலே செலுத்தக்கூடும். வனாத்தமுல்லவின் கூலித்தொழிலாளிக்கோ அது ஒரு நாளைய உணவு பற்றிய பிரச்சினையாகும்.

பிறநாட்டு அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. மக்களுட் பெரும்பாலோர் தொடர்மாடிகளில் வாழும் தென்கொரியாவில் 1995 ஆம் ஆண்டு புதிய முறையொன்று நாடளாவிய ரீதியிற் புகுத்தப்பட்டது. அங்கு கலப்புக் குப்பையை அதற்கென விலைகொடுத்து வாங்கிய பையிலிட்டே ஒப்படைத்தல் வேண்டும். தரம்பிரித்த தாளும் போத்தலும் தகரமும் கட்டணமின்றிப் பெறப்படும். விலை விதிக்கப்பட்டது பிரிக்காத குப்பைக்கேயாம் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஜேர்மனி 1991 ஆம் ஆண்டில் இயற்றிய ஒழுங்குவிதி, பொதிகளை மீளப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மீதும் விற்பனையாளர் மீதும் சுமத்தியது.

அவ்வாறாயின் வாகனத்துக்கும் ஆளுக்குமான செலவை ஏற்பவர் யார் எனச் சிலர் வினவலாம். அச்செலவு மெய்யானதே, அதனை மறுத்தல் நேர்மையன்று. போத்தலும் பொதியுறையும் செய்து சந்தைப்படுத்துவோர் அதன் பெரும்பங்கை ஏற்றல் வேண்டும். தரம்பிரித்த கழிவுகளுக்குரிய தளத்தை ஒதுக்காத புதிய தொடர்மாடி எதற்கும் அனுமதி வழங்கலாகாது; அத்தளத்தின் செலவு கட்டுபவனுடையதாதல் வேண்டும். தாளையும் உலோகத்தையும் விற்றுவரும் பணம் அந்தந்தத் தொடர்மாடியின் பராமரிப்பு நிதியிற் சேர்க்கப்பட்டு, கணக்கு எல்லோருக்கும் காட்டப்படல் வேண்டும். இவற்றின் பின்னரும் கட்டணம் அவசியமெனில், அது கலப்பாக எறியப்படும் குப்பையின் அளவுக்கேற்ப விதிக்கப்படுக. அதிலும் அரச மாடிகளில் வாழும் வறியோர்க்கு விலக்களிக்கப்படுக.

மீத்தொட்டமுல்லவில் மாண்டோர் நகரத்தின் அலட்சியத்துக்குத் தம் உயிரை விலையாகக் கொடுத்தனர். அந்த அலட்சியத்தைத் தம் வீட்டளவிலேனும் நிறுத்த முன்வரும் மக்களைத் தண்டிக்கும் திட்டம் எதுவாயினும், அது அடுத்த குப்பைமலைக்கு இடும் அத்திவாரமேயாகும். பிரிப்பவன் கையிலிருந்து பணத்தைப் பறிக்கும் முன்னர், அவன் பிரித்துக் கொடுத்தவை மீண்டும் ஒரே வாகனத்தில் ஒன்றாகக் கொட்டப்படாதிருக்க வழி செய்க. அதுவே மாநகரம் அவனுக்குப் பட்டுள்ள கடனின் முதற் தவணையாகும்.