காதிஸுக்கு முன்னாடி காசிமேடு

பிளேஸ்மென்ட் முடிஞ்ச நாள்ல இருந்து எங்க வாட்ஸ்அப் குரூப்போட பேரு 'ஸ்பெயின் 2027'. 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' 2011-ல வந்தப்போ எங்களுக்கு ஆறு வயசு. ஆனா அந்தப் படம் இன்னும் ஆளை விடல. தக்காளி திருவிழா ஆகஸ்ட்ல, மாடு துரத்துறது ஜூலைல, ரெண்டுமே வெயில். அதனால பிப்ரவரி: முதல்ல காதிஸ் நகரத்துல கார்னிவல், அப்புறம் பக்கத்துல ஹெரெஸ் நகரத்துல ஃபிளமெங்கோ திருவிழா. ஷெங்கன் விசா ஃபீஸ் மட்டும் 90 யூரோ. எங்க யாருக்கும் ஜாயினிங் டேட்டே இன்னும் வரல, அது வேற கதை.

எக்செல் ஷீட் போடுற வேலை என் தலையில விழுந்தது. தேதி பார்க்கும்போதுதான் ஒண்ணு கவனிச்சேன். கார்னிவல்ங்கிறது தவக்காலத்துக்கு முன்னாடி ஆடித் தீர்க்குற கொண்டாட்டம். தவக்காலம் சாம்பல் புதன்ல தொடங்கும், அது ஈஸ்டருக்கு 46 நாள் முன்னாடி. ஈஸ்டர் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. அங்கிருந்து 46 நாள் பின்னால வந்தா அமாவாசைக்குப் பக்கத்துல போய் நிக்கும். இந்த வருஷம் சாம்பல் புதன் பிப்ரவரி 18. மகா சிவராத்திரி பிப்ரவரி 15. அதாவது காதிஸ்ல வேஷம் கட்டி ஆடுன அதே வாரம், எங்க பக்கத்துல மயானக் கொள்ளை.

தெரியாதவங்களுக்கு: சிவராத்திரி முடிஞ்சு மாசி அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் போற திருவிழா. பெருசா நடக்குறது மேல்மலையனூர்ல. ராயபுரம், காசிமேடு பக்கமும் உண்டு. ஆம்பளைங்க காளி வேஷம் கட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, முகத்துல கலர் பூசிக்கிட்டு பம்பை அடிக்கு ஆடிக்கிட்டே போவாங்க. மயானத்துல காய்கறி, சுண்டல், சில்லறை எல்லாம் வாரி இறைப்பாங்க, ஜனங்க அள்ளிக்கும். எங்க ஆயா கொண்டு வந்து கொடுத்த சுண்டலை நான் ஒரு தடவைகூட தின்னதில்ல. அருவருப்புன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுவேன். இந்த வருஷமும் அப்படித்தான். வெளிய பம்பைச் சத்தம் கேட்குது, நான் ஜன்னலைச் சாத்திட்டு ஹெட்போன் மாட்டி காதிஸ் ரீல்ஸ் பார்த்துட்டு இருக்கேன். முகத்துல கலர் பூசுன ஆம்பளைங்க ஆடுற ரீல்ஸ்.

சரி, 'உள்ளூர்த் திருவிழாவைப் பாரு, வெளிநாடு வேணாம்'னு அட்வைஸ் பண்ணப் போறேன்னு நினைக்காதீங்க. எனக்குப் போகணும். பிரச்சனை வேற.

காதிஸ் கார்னிவலோட உயிர் வேஷத்துல இல்ல, பாட்டுல இருக்கு. சிரிகோத்தான்னு ஒரு குழு (பேர்லயே சிரிப்பு இருக்கு பாருங்க). ஒரே மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு, அந்த வருஷம் நடந்த அரசியல், ஊழல், விலைவாசி எல்லாத்தையும் நக்கலடிச்சுப் பாடுவாங்க. ஃபாயா தியேட்டர்ல பெரிய போட்டியே நடக்கும். போட்டியில சேராத குழுக்கள் தெருமுனையில நின்னு பாடும், அதுக்குப் பேரே 'இல்லீகல்'. 1937-ல பிராங்கோ ஆட்சி கார்னிவலைத் தடை பண்ணுச்சு. வாயை மூடணும்னா முதல்ல பாட்டைத்தான் மூடணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 1947-ல காதிஸ்ல கடற்படை வெடிகுண்டுக் கிடங்கு வெடிச்சு நகரமே நொறுங்குச்சு. அதுக்கு அடுத்த வருஷம்தான், வேற பேர்ல, திரும்பப் பாட விட்டாங்க. பழையபடி பிப்ரவரி கார்னிவலா வந்தது பிராங்கோ செத்த பிறகு, 1977-ல.

இப்ப சொல்லுங்க, ஸ்பானிஷ்ல 'ஓலா' மட்டும் தெரிஞ்ச அஞ்சு பேர் அங்க போய் என்னத்தைக் கேட்போம்? பக்கத்துல நிக்கிறவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பான், நாம செல்ஃபி எடுப்போம். அவ்வளவு காசு செலவு பண்ணி, அந்தத் திருவிழாவுல இருக்குறதுலயே சுமாரான பகுதியைப் பார்த்துட்டு வருவோம்.

ஃபிளமெங்கோவும் அதே கதைதான். செவில், ஹெரெஸ், காதிஸ் நகரங்கள்ல ஜிப்ஸிகளும் கூலிக்காரங்களும் பட்டறைக்காரங்களும் பாடுன பாட்டு. மார்த்தினெத்தேன்னு ஒரு வகை, பட்டறையில பிறந்ததாச் சொல்வாங்க, கிட்டார் கிடையாது, வெறும் குரல். சாராயக்கடைப் பாட்டுன்னு பெரிய மனுஷங்க ஒதுக்கி வெச்சிருந்த காலத்துல, 1922-ல, லோர்க்காவும் மனுவேல் டி ஃபாயாவும் சேர்ந்து கிரனாடாவுல அதுக்குன்னு ஒரு போட்டி நடத்துனாங்க. 2010-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு.

துறைமுகம், கூலி, சாவு, வெறும் குரல். எங்க தெருவுல இதுக்குப் பேரு கானா. சாவு வீட்ல விடிய விடிய பாடுவாங்க. செத்தவரோட பேரு, அவர் பார்த்த வேலை, அவரோட குறும்பு எல்லாம் பாட்டுல வரும். எனக்கு ஒரு டிரான்ஸ்லேட்டரும் வேணாம், ஒவ்வொரு நக்கலும் புரியும். ஆனா நான் படிச்ச ஸ்கூல்ல தமிழ் பேசுனா ஃபைன். அந்தப் பேச்சுக்கே வெட்கப்படக் கத்துக்கிட்டேன். 'எந்த ஏரியா'ன்னு கேட்டா 'நியர் பாரிஸ் கார்னர்'னு சொல்லி வளர்ந்தவன் நான்.

கானாவுல எல்லாமே தங்கம்னு சொல்ல வரல. பொண்ணுங்களைத் திட்டுற பாட்டு ஏகப்பட்டது இருக்கு, அதுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஆனா அதே கானாவைப் பாடித்தான் வடசென்னைக்காரரான இசைவாணி 2020-ல பிபிசியோட நூறு பெண்கள் பட்டியல்ல வந்தாங்க. அவங்க பாடுற கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் முதலா மேடை ஏறுனது 2018 ஜனவரியில, கீழ்ப்பாக்கத்துல. மெட்ரோ தூரம். நான் போகல.

குரூப்ல இதைச் சொன்னேன். "மச்சான், அங்க குடிச்சிட்டு ஆடுவானுங்கடா, கூட்டம், நாத்தம்"னான் ஒருத்தன். காதிஸ்ல மட்டும் என்ன மோர் குடிச்சிட்டா ஆடுறாங்க?

2027-ல சாம்பல் புதன் பிப்ரவரி 10, சிவராத்திரி மார்ச் 6. நடுவுல கிட்டத்தட்ட ஒரு மாசம் கேப். ரெண்டையும் பார்க்கலாம். டூயோலிங்கோ ஸ்பானிஷ் எல்லாரும் தொடங்கியாச்சு, என்னோட ஸ்ட்ரீக் இன்னிக்கு 19 நாள். எக்செல் ஷீட்ல கடைசியா ஒரு வரி சேர்த்திருக்கேன். இடம்: தண்டையார்பேட்டை. விசா: தேவையில்ல. டிராவல்: மெட்ரோ. தங்குறது: எங்க வீடு. அஞ்சு பேர் வர்றாங்கன்னு அம்மாகிட்ட இன்னும் சொல்லல. ஆயாகிட்ட சொல்லிட்டேன்.