மருத்துவ அட்டை கிடைத்தால் கிளினிக் அட்டையைக் கிழித்துவிடலாமா?



பள்ளித் தவணை தொடங்கும்போதெல்லாம் ஒரு பேச்சைக் கேட்கிறேன். “பிள்ளைக்கு அப்பாவின் கம்பெனிக் காப்புறுதி வந்துவிட்டது. இனி அரசாங்க மருத்துவமனைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டோம்!” பெற்றோர் இதைப் பெருமையோடு சொல்கின்றனர். கேட்பவர்களும் தலையாட்டுகின்றனர். நானும் ஒருமுறை தலையாட்டியவன்தான். அந்தத் தலையாட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2017இல் என் வகுப்பில் இரண்டாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவனுக்கு ஆஸ்துமா இருந்தது. பெயர் வேண்டாம். கைக்குழந்தையாக இருந்த நாள் முதல் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்தான் அவனுக்குச் சிகிச்சை. அவ்வாண்டு அவன் தந்தைக்குப் பெரிய தொழிற்சாலையொன்றில் வேலை கிடைத்தது. பள்ளி வாசலில் என்னைக் கண்டதும் மகிழ்ச்சியோடு சொன்னார்: “சார், இனிமே காலையில ஆறு மணிக்கே போய் நம்பர் எடுத்துக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. கம்பெனி மருத்துவ அட்டை குடுத்துட்டாங்க. பிள்ளைய பிரைவட்டுக்கு மாத்திட்டேன்.” நானும், “ரொம்ப நல்லதுங்க ஐயா” என்றேன்.

2019 செப்டம்பரில் புகைமூட்டம் நாட்டைச் சூழ்ந்தது. நான்காம் ஆண்டில் இருந்த அந்தப் பையன் வகுப்பிலேயே மூச்சுவிடத் திணறினான். உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பையில் இன்ஹேலர் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்கு முதலுதவி கற்பித்தார்கள். ஆனால், மடியில் ஒரு குழந்தை மூச்சுக்காகப் போராடும்போது நம் கை எப்படி நடுங்கும் என்பதை எவரும் கற்பிக்கவில்லை. தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். ஆறாயிரம் வெள்ளியைத் தாண்டிய பில்லை அட்டையே செலுத்தியது. “பார்த்தீர்களா, அட்டை இருந்ததால் பிள்ளை பிழைத்தான்!” என்று உறவினர் அனைவரும் அட்டையைப் புகழ்ந்தனர்.

நான் அவனுடைய அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “தினமும் இழுக்கிற தடுப்பு இன்ஹேலரை எப்போது நிறுத்தினீர்கள்?” கிளினிக்கை விட்டபோதே நின்றுவிட்டதாம். தனியாரில் அதைக் கைப்பணம் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. முதலில் சில மாதங்கள் வாங்கினார்கள். பிறகு, “பையன் நன்றாகத்தானே இருக்கிறான்” என்று விட்டுவிட்டார்கள்.

இங்கேதான் நம் பெற்றோர் ஏமாறுகின்றனர். பெரும்பாலான மருத்துவ அட்டைகள் படுக்கைக்குத்தான் பணம் கொடுக்கும்; வார்டு, அறுவை சிகிச்சை, அதற்கு முன்னும் பின்னும் சில நாள் கவனிப்பு, அவ்வளவுதான். ஆண்டுக்கணக்கில் தினமும் எடுக்க வேண்டிய மருந்து அதில் சேராது. சில நிறுவனங்கள் பேனல் கிளினிக்கில் சளி, காய்ச்சல் பார்க்கவும் பணம் கொடுக்கும். அதற்கும் ஆண்டு வரம்பு உண்டு. ஆஸ்துமாவுக்கோ இரு வகை இன்ஹேலர் வேண்டும். ஒன்று, மூச்சுக்குழல் சுருங்கும்போது உடனே திறப்பது. மற்றொன்று, உள்வீக்கத்தைக் குறைத்து நோயை அடக்கி வைப்பது. இரண்டாவதைப் பிள்ளை நலமாக இருக்கும் நாளிலும் எடுக்க வேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வருகைக்கு ஒரு வெள்ளி. நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளி. மருந்தும் அதற்குள் அடக்கம். அந்த ஒரு வெள்ளி மருந்தை விட்டதால்தான் ஆறாயிரம் வெள்ளிப் படுக்கை வந்தது! எது பிள்ளையைக் காத்தது, எது பிள்ளையைக் கைவிட்டது என்று நீங்களே சொல்லுங்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. 2020இல் பெருந்தொற்று வந்தது. தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. தந்தையின் வேலை போன அன்றே பிள்ளையின் காப்புறுதியும் போனது. கம்பெனி அட்டை பிள்ளைக்குச் சொந்தமானதன்று. அது தந்தையின் வேலைக்குச் சொந்தமானது! பிறகு சொந்தமாகக் காப்புறுதி எடுக்க முயன்றார். குழுக் காப்புறுதி ஏற்றுக்கொண்ட அதே ஆஸ்துமாவைத் தனிநபர்க் காப்புறுதி ‘முன்பே இருந்த நோய்’ என்று விலக்கி வைத்தது. பிள்ளைக்கு எந்த நோய் இருந்ததோ, அந்த நோய்க்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. கடைசியில் எங்கே போனார்கள்? மூன்றாண்டுகளுக்கு முன் விட்டுவந்த அதே ஒரு வெள்ளி கிளினிக்கிற்குத்தான்.

“அரசாங்க மருத்துவமனையில் கூட்டம் தாங்க முடியவில்லையே, சார்” என்பீர்கள். உண்மைதான். நாள் சம்பளக்காரர் ஒருவர் அரைநாள் காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் தள்ளித் தேதி கொடுக்கிறார்கள். சில முகப்புகளில் நம்மவர்களை எரிச்சலோடு நடத்துவதையும் கண்டிருக்கிறேன். இவற்றை நான் மறைக்கவில்லை. அவசர அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்க இயலாதபோது அட்டை பேருதவி செய்யும் என்பதையும் மறுக்கவில்லை. வசதியுள்ளவர்கள் தாராளமாகக் காப்புறுதி எடுங்கள். ஆனால் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றைத் துறக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? கையில் குடை இருக்கிறது என்பதற்காக வீட்டுக் கூரையைப் பிரித்துப் போடுவார் உண்டா?

அடுத்து, முகவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் அரசாங்க ஊழியன். என் மகனுக்கு அரசாங்க மருத்துவமனையில் என் வேலையின் பேரில் சலுகை உண்டு. ஆயினும் கூடுதலாக ஓர் அட்டை எடுக்க முனைந்தேன். மகனுக்குச் சிறு வயதில் இழுப்பு இருந்ததைப் பாரத்தில் எழுதப் போனேன். “அதெல்லாம் எழுதாதீங்க சார், தள்ளிடுவாங்க” என்றார் முகவர். நான் எழுதினேன். இழுப்பை விலக்கித்தான் கொடுத்தார்கள். கொடுக்கட்டும்! 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டப்படி, பாரத்தில் கேட்கும் கேள்விகளுக்குத் தவறான பதில் தராதிருக்கக் கவனம் எடுப்பது நம் கடமை. மறைத்துவிட்டுப் பின்னர்க் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால், கழிவுப்பணம் வாங்கிய முகவர் உங்களோடு மருத்துவமனை முகப்பில் வந்து நிற்கப் போவதில்லை.

கட்டணமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2024இல் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் பலருக்குக் கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் பேங்க் நெகாராவே தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்புமாறு பணிக்க வேண்டியதாயிற்று. பரப்பினார்களே தவிர நீக்கவில்லை! கட்ட முடியாத மாதத்தில் எங்கே போவீர்கள்?

ஆகவே, பெற்றோர்களுக்கு நான் வலியுறுத்துவன இவை:

1. பிள்ளைக்கு நாட்பட்ட நோய் இருந்தால், எந்த அட்டை வந்தாலும் அரசாங்க கிளினிக்கின் அடுத்த தேதியைத் தவற விடாதீர்கள்.

2. காப்புறுதி எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: தினசரி மருந்து சேருமா? முன்பே இருந்த நோய் சேருமா? நான் வேலையை விட்டால் பிள்ளையின் நிலை என்ன? புதிய அட்டையில் பொதுவாக முதல் 30 நாளுக்கும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளுக்கும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

3. தனியாருக்கு மாறியே தீர வேண்டுமென்றால், பழைய மருத்துவரிடம் நோய் விவரக் கடிதம் பெற்று மாறுங்கள். மருந்துப் பெயர்களை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதலாம் ஆண்டில் பள்ளிக்கு வரும் தாதியர் போடும் தடுப்பூசியையும் செய்யும் பரிசோதனையையும், “நாங்கள் வெளியே பார்த்துக்கொள்கிறோம்” என்று மறுத்துவிட்டு, வெளியேயும் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, நமக்கும் பங்குண்டு. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் காப்புறுதி முகவருக்கு அரைமணி நேரம் ஒதுக்குகிறோம். சுகாதார கிளினிக்கின் தாதியரைப் பேச அழைத்தது எத்தனை முறை? நம் வகுப்பில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்கு வலிப்பு என்று நம் மேசையில் ஒரு பட்டியலாவது உண்டா?

அந்த மாணவன் இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான்; பந்து விளையாடுகிறான். தடுப்பு இன்ஹேலரை விடவில்லை என்று அவனுடைய அம்மா சொன்னார். மருந்து வாங்குவது அதே கிளினிக்கில்தான். தந்தைக்கு மீண்டும் ஒரு கம்பெனி அட்டை கிடைத்திருக்கிறது. இம்முறை அவர் என்னிடம் கருத்துக் கேட்டபோது, “ரெண்டையும் வச்சுக்குங்க ஐயா” என்றேன்.

2017இல் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியன்