தீர்ப்பில் இடம்பெறாத குற்றம்

2022 செப்டம்பர் 22 அன்று சீனாவின் சாங்சுன் நகர நீதிமன்றம் ஃபூ ஜெங்ஹுவா என்பவருக்கு மரண தண்டனை விதித்து, அதை இரண்டாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. அதன்பின் அது ஆயுள் சிறையாக மாறும். தண்டனைக் குறைப்போ பரோலோ கிடையாது. குற்றவாளியாக நின்றவர் 2018 முதல் 2020 வரை அந்நாட்டின் நீதி அமைச்சராக இருந்தவர். ‘வினை விதைத்தவன் வினை அறுத்தான்’ என்றார் இலக்கிய நண்பர் ஒருவர். எனக்கு அவ்வாறு சொல்ல மனம் ஒப்பவில்லை.

ஃபூ அடிமட்டத்திலிருந்து உயர்ந்த காவல்துறைக்காரர். 2010-இல் பெய்ஜிங் காவல்துறைத் தலைவரான சில மாதங்களிலேயே, செல்வாக்குமிக்கோர் கூடும் ஆடம்பரக் கேளிக்கை விடுதிகளைச் சோதனையிட்டுப் புகழ்பெற்றார். 2013-இல் பொதுப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சரானார். அத்துறையையே ஒருகாலத்தில் ஆண்ட ஜோ யொங்காங்கின் மீதான ஊழல் விசாரணையில் முன்னின்றவர் என்றும் பேசப்பட்டார்.

2015 ஜூலையில் தொடங்கிய வேட்டையில் முந்நூறுக்கும் மேற்பட்ட மனித உரிமை வழக்கறிஞர்களும் செயற்பாட்டாளர்களும் பிடிக்கப்பட்டனர் அல்லது விசாரிக்கப்பட்டனர். அதன் முக்கியக் கரம் ஃபூ என்றே வழக்கறிஞர்கள் கருதினர். அவ்வாறு பிடிபட்ட வாங் சுவான்ஜாங் மூன்றாண்டுகளுக்கும் மேலாக விசாரணையின்றி அடைபட்டிருந்தார். 2018 டிசம்பரில் அவருடைய மனைவி லி வென்சூவும் வேறு மூன்று பெண்களும் பெய்ஜிங்கில் தலையை மழித்துக்கொண்டார்கள். சீன மொழியில் முடிக்கும் சட்டத்திற்குமான சொற்கள் ஏறக்குறைய ஒரே ஒலியுடையவை. முடியின்றி வாழலாம், சட்டமின்றி வாழ முடியாது என்பதே அவர்கள் உணர்த்த விரும்பியது. ஒரு சிலேடை இத்தனை வலியைச் சுமந்து நான் கண்டதில்லை. அப்போது நீதி அமைச்சர் ஃபூதான். அந்த மாதமே மூடிய அறைக்குள் விசாரணை நடந்தது. 2019 ஜனவரியில் வாங்குக்கு நான்கரை ஆண்டு சிறை. 2020 ஏப்ரலில் வாங் விடுதலையானார். அதே மாதத்தில் ஃபூ பதவி இழந்தார்.

ஃபூவின் மீதான தீர்ப்பு என்ன சொல்கிறது? 11 கோடியே 70 லட்சம் யுவானுக்கும் மேலாக லஞ்சம் பெற்றார்; தம்பியின் குற்றங்களை மறைக்கச் சட்டத்தை வளைத்தார். கட்சியோ, உள்ளேயே ஒரு கும்பலில் சேர்ந்திருந்தார் என்றது. அடைக்கப்பட்ட வழக்கறிஞர்கள் இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. வர இயலாது, ஏனெனில் அந்தக் காரியத்தை அவர் அரசுக்காகச் செய்தார். தம்பியைக் காத்ததுதான் சட்டத்தை வளைத்தல். வாங்கை அடைத்தது பணி!

விதியின் விளையாட்டு என்று சொல்ல ஆசையூட்டும் செய்தியும் உண்டு. குறைப்பே இல்லாத ஆயுள் சிறை சீனக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது அதே 2015-இல்தான். ஆயினும் இதை அறத்தின் வெற்றி என்று கொண்டாடினால் நாமும் ஏமாறுகிறோம். ஃபூ சிறை சென்றதால் வாங்கின் மீதான தீர்ப்பு திருத்தப்படவில்லை. ஃபூவின் இடத்துக்கு வந்த தாங் யிஜுனும் 2024 ஏப்ரலில் விசாரணை வளையத்துக்குள் வந்தார். ஆட்கள் மாறுகிறார்கள், அந்தப் பெண்கள் தலை மழித்துக் கேட்ட சட்டம் மட்டும் இன்னும் வரவில்லை.