எல்லாம் ஒரே கோபமா?

வகுப்பில் ஒரு மாணவன் எவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. உடனே, “அவன் சிடுமூஞ்சி” என்று மற்றவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தச் சொல் அவனுக்குப் பொருந்துமா என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இத்தகைய நடத்தையைக் குறிக்க ஆங்கிலத்தில் பல சொற்கள் உள்ளன. அவற்றுக்குத் தமிழில் பொருள் எழுதும்போது, மாணவர்கள் சிலர் ‘கோபமான’ என்று எழுதி முடித்துவிடுகின்றனர். ஆனால், அவை வெவ்வேறு மனநிலைகளைக் காட்டுகின்றன. பசி, களைப்பு, தூக்கமின்மை போன்றவற்றால் எழும் சிடுசிடுப்பு ‘கிரம்பி’ எனப்படும். காரணம் நீங்கினால் அதுவும் நீங்கிவிடும். கேட்டது கிடைக்காதபோது சிறுபிள்ளைபோல் சிணுங்குவது ‘பெட்டுலண்ட்’. பிறரிடம் மரியாதையின்றிக் கடுகடுப்பாக நடந்துகொள்வது ‘சர்லி’. உள்ளுக்குள் குமைந்துகொண்டு, வாய் திறவாமல் ஒதுங்கியிருப்பது ‘சல்லன்’.

சொற்களின் வரலாறும் இவ்வேறுபாட்டை விளக்குகிறது. ‘சர்லி’ என்பது ‘சர்’ என்னும் மரியாதைச் சொல்லிலிருந்து பிறந்தது. தொடக்கத்தில் பிரபுக்களின் தோரணையைக் குறித்த அச்சொல், பின்னர் ஆணவத்தையும் கடுகடுப்பையும் குறிக்கலாயிற்று. ‘சல்லன்’ என்பதோ ‘தனித்த’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டது. முன்னதில் பிறரைத் தாழ்வாக நோக்கும் போக்கும், பின்னதில் தனிமையும் அடங்கியுள்ளன.

எனவே, இச்சொற்களை மாற்றிப் பயன்படுத்துவது மொழிப்பிழை மட்டுமன்று. ஒருவருக்கு இழைக்கும் அநீதியும் ஆகும். தனிமையில் வாடுபவனை மரியாதை தெரியாதவன் என்று கூறினால், ஆறுதல் பெற வேண்டியவன் கண்டிப்பைப் பெறுவான். களைத்திருக்கும் தங்கையைப் பிடிவாதக்காரி என்று கூறினால், ஓய்வு பெற வேண்டியவள் திட்டு வாங்குவாள்.

அன்றாடப் பேச்சில் இத்தனை நுணுக்கம் தேவையில்லை எனச் சிலர் கூறலாம். அவசரத்திற்கு ஒரு சொல் போதும் என்பது உண்மையே. இருப்பினும், ஒருவரின் குணத்தைக் குறிக்கும் சொல் அவரோடு நெடுநாள் ஒட்டிக்கொள்ளும். தமிழிலும் சிடுசிடுப்பு, சிணுங்கல், கடுகடுப்பு, மனக்குமைச்சல் எனத் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது, எல்லாவற்றையும் ‘கோபம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்க வேண்டியதில்லை.

சரியான சொல்லைத் தேடுபவர், அச்சொல்லுக்குரிய மனிதரையும் சற்று நின்று கவனிப்பார். ஒருவரைப் புரிந்துகொள்வதற்கு அதுவே முதற்படி.