தேய்ந்த தரைக்குப் பொறுப்பாளி யார்?

வாடகை வீட்டைக் காலி செய்யும் தினத்தில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் மூளும் தகராறுகளில் தரையைப் பற்றியதும் ஒன்று. பத்து வருஷம் குடியிருந்தவர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். வீட்டுக்காரரோ, கூடத்தில் சிமெண்டு பெயர்ந்திருப்பதையும், சமையலறையில் காவித் தரை வெளுத்து வெடித்திருப்பதையும் காட்டி, புதிய தளவரிசைக்கு ஆகும் செலவு முழுவதையும் அதில் பிடித்துக்கொள்ள முற்படுகிறார். இது நியாயந்தானா என்று கேட்கிறோம்.

மனிதர் நடமாடினால் தரை தேயத்தான் செய்யும். வீட்டில் நடமாடுவதற்கே வாடகை கொடுக்கப்படுகிறது. மாதந்தோறும் அதைப் பெற்றுக்கொண்டு, முடிவில் தேய்மானத்துக்கும் தனியே பணம் கேட்பது, ஒரே சரக்குக்கு இரண்டு விலை வாங்குவதாகும். 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108-வது பிரிவு, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தரவேண்டுமென்று விதிக்கும்போது, நியாயமான தேய்மானத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. அந்நிய ஆட்சியார் இயற்றிய சட்டமே ஒப்புக்கொண்ட நியாயத்தைச் சுதந்திர தேசத்து வீட்டுக்காரர்கள் மறக்கலாமா?

வீட்டுக்காரர்களின் கஷ்டத்தை நாம் உணராமலில்லை. வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டு ஜீவனம் நடத்தும் முதியோர் பலர் உண்டு. ஆனால் வாடகை வருமானத்தில், நகரசபை வரி போக மிஞ்சியதில், நூற்றுக்கு 30 பங்கை வருமான வரிச் சட்டம் கழித்துக்கொள்ள இடந்தருகிறது. ரிப்பேர் செய்த ரசீதைக்கூடக் கேட்பதில்லை. இந்தச் சலுகையைப் பெறுகிறவர், தேய்ந்த தரையின் செலவைக் குடியிருப்பவர் தலையில் சுமத்துவது தர்மமாகாது. அவ்வாறே, கனமான சாமானைப் போட்டுத் தரையைப் பிளந்தவர் அதற்கு ஈடு செய்யத்தான் வேண்டும். தேய்வது வேறு, உடைப்பது வேறு.

1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புதிய சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் அட்டவணை பராமரிப்புப் பொறுப்பை இரு தரப்பினருக்கும் பங்கிடுகிறது. கட்டட அமைப்பைச் சேர்ந்த ரிப்பேர், வெள்ளையடிப்பு, மின்சாரக் கம்பி முதலியவை வீட்டுக்காரரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், சாக்கடை, ஜன்னல் கண்ணாடி முதலியவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. கதவின் பூட்டையும் மறவாத அந்த அட்டவணையில் தரையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை! தரையின் மேற்பூச்சு கட்டட அமைப்பில் அடங்குமா, அடங்காதா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கையில், பெயர்ந்த சிமெண்டில் குழந்தைகள் தவழ்கின்றன. முதியோர் இடறி விழுகின்றனர்.

ஆகவே, உபயோகத்தால் தேய்ந்த தரையைச் செப்பனிடுவது வீட்டுக்காரரின் கடமை என்னும் ஒரு வரியை அட்டவணையில் சேர்க்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம். அதுவரை குடியிருப்போர் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாகாது. குடிபுகும் நாளிலேயே தரையின் நிலையை ஒப்பந்தத்தில் எழுதி, படமும் எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். பழுது கண்டவுடன் எழுத்து மூலம் அறிவிக்கவேண்டும். வாய்ப்பேச்சை நம்பி முன்பணத்தை இழந்தவர்கள் போதும். வீட்டுக்காரர்களும், தங்கள் குடும்பம் எத்தகைய தரையில் நடக்கச் சம்மதிக்குமோ, அத்தகைய தரையையே வாடகை தருவோருக்கும் அளிக்க முன்வருவார்களாக.