நிறுவனத்திற்குப் புதுக்கணக்கு, சிறுவணிகருக்குப் பழைய கடன்

ஆரியசாலையில் பலசரக்குக் கடை நடத்தும் ஒருவர் நொடித்துப்போனால் சட்டம் அவருக்கு என்ன வழி காட்டுகிறது?

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம் பெருநிறுவனங்களுக்குப் புதுக்கணக்குத் தொடங்கித் தருகிறது. மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டபின், அதில் இடம்பெறாத பழைய கோரிக்கைகள் அனைத்தும் அற்றுப்போகும் என உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது.

அதே சட்டத்தின் மூன்றாம் பகுதி தனிமனிதர்களுக்கானது. கடனைத் தவணையில் அடைக்கும் திட்டம், திவாலுக்குப் பின் கடனிலிருந்து விடுதலை ஆகியன அதில் உள்ளன. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கு மேற்படாத, சொந்த வீடற்ற ஏழையின் 35,000 ரூபாய் வரையிலான பிணையில்லாக் கடனைத் தள்ளவும் வகையுண்டு. ஆனால், நிறுவனக் கடனுக்குப் பிணை நின்றோர் தவிர வேறெவருக்கும் இப்பகுதியை ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்தவில்லை. சாமானியர் பழைய திவால் சட்டங்களைப் பற்றிக்கொண்டு நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

வங்கியோடு பேசிக் குறைந்த தொகைக்குக் கடனைத் தீர்த்தாலும், முழுமையாக அடைக்கப்படவில்லை என்ற குறிப்பு சிபில் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. கடன் தகவல்களைக் குறைந்தது ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. வங்கிக் கதவு அடைபட்டவருக்குக் கந்துவட்டிக்காரரின் கதவே திறந்திருக்கிறது.

மூன்றாம் பகுதியை உடனே நடைமுறைப்படுத்த வேண்டும். அதன் வருமான, கடன் வரம்புகளை உயர்த்த வேண்டும். தீர்ந்த கடனின் கறையையும் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். பெருமுதலாளியின் நட்டம் வணிக இடர் என்றால், சிறுவணிகரின் நட்டம் மட்டும் குற்றமாகுமா?