ரிசல்ட்டுக்கு மறுநாள்

இன்னும் சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். நம்ம பேட்ச்சில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இதுதான் முதல் சட்டமன்ற ஓட்டு. யாருக்குப் போடணும்னு நான் சொல்லப் போவதில்லை. அதை உங்க மாமா, பக்கத்து ரூம்காரன், யூடியூப் எல்லாரும் ஏற்கெனவே சொல்லிட்டு இருப்பாங்க. நான் பேச வந்தது ஓட்டு எண்ணி முடித்த மறுநாளைப் பற்றி.

2024 ஜூன் 4 ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக அணி ஜெயித்தது. கோயம்புத்தூரில் அண்ணாமலை ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அதைக் கொண்டாட கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கும்பல் என்ன செய்தது தெரியுமா? ஒரு ஆட்டின் கழுத்தில் அவர் படத்தை மாட்டி நடுரோட்டில் வெட்டினார்கள். அந்த வீடியோ நம்ம பேட்ச் குரூப்புக்கும் வந்தது. கீழே வரிசையாகச் சிரிக்கிற எமோஜி. எனக்கு அந்த வீடியோவை விட அந்த எமோஜிதான் உறுத்தியது. வெட்டினவனை எனக்குத் தெரியாது. சிரித்தவன் கூட நான் நாலு வருஷமா ஒரே மெஸ்ஸில் சாப்பிடுறேன்.

அன்றைக்குக் குரூப்பில் ஆரம்பித்த சண்டையில் எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டீமில் உள்ள ரெண்டு பேர் சிக்கிக்கொண்டார்கள். முதல் வருஷம் ரூம்மேட்ஸ். ஒருத்தன் சேலம், ஒருத்தன் நாகர்கோவில். கட்சியில் ஆரம்பித்து, தலைவருக்குப் போய், சாதியைத் தொட்டு, கடைசியில் "உங்க அப்பன்" என்ற வார்த்தையில் நின்றது. இன்றைக்கும் ரெண்டு பேரும் நேரடியாகப் பேசிக்கொள்வதில்லை. "அவன்கிட்ட அந்த சென்சார் கோடை அனுப்பச் சொல்லு" என்று ஒருத்தன் என்னிடம் சொல்வான். அவன் நான் உட்கார்ந்திருக்கும் பெஞ்சின் அந்த முனையில்தான் இருப்பான். போன ரிவ்யூவில் ஹார்டுவேரும் சாஃப்ட்வேரும் பேசிக்கவே இல்லை. கைடு பாட் ரேட்டைச் சரிபார்க்கச் சொன்னார். பாட் ரேட் சரியாத்தான் இருந்தது.

இத்தனைக்கும் அந்த ரெண்டு பேரும் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் கிடையாது.

ஜெயித்த பக்கத்து ஆளுக்கு ரிசல்ட் அன்றைக்கு ஒரு மயக்கம் வருகிறது. ஊரே நம்ம பக்கம், எதிர்ப்பக்கம் காலி என்று. ஈசிஇ பசங்களுக்கு இதை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: நம்ம தேர்தல் முறை ஒரு கம்பாரேட்டர். ரெண்டு இன்புட்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அவுட்புட் நேராக சப்ளை வோல்டேஜில் போய் ஒட்டிக்கொள்ளும். அவுட்புட்டை மட்டும் பார்த்தால் இன்புட் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்று தெரியவே தெரியாது. 39க்கு 39 வாங்கிய அந்த அணிக்குக் கிடைத்த ஓட்டு சுமார் 47 சதவீதம். அதாவது பாதிக்கு மேல் வேறு எங்கேயோ போயிருக்கிறது. 2016ஐ எடுத்துக்கோங்க. அதிமுக அணிக்கும் திமுக அணிக்கும் ஓட்டில் இருந்த இடைவெளி ஒரு சதவீதம் மாதிரிதான். சீட்டில்? 134க்கு 98. அதே வருஷம் ராதாபுரத்தில் ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் வித்தியாசம் 49 ஓட்டு, நம்ம ஹாஸ்டலில் ஒரு ஃப்ளோர் அளவு. 2021ல் சென்னை தியாகராய நகரில் 137 ஓட்டு. ரெண்டு செக்ஷன் கிளாஸுக்கு வந்தால் அவ்வளவு பேர் தேறும்.

படுதோல்வி என்று சொல்லப்படுகிற தேர்தல்களிலும் இதே கதைதான். 1991ல் திமுக ஜெயித்தது ரெண்டே தொகுதி. 1996ல் அதிமுக ஜெயித்தது நாலு. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். ஆனால் அந்த ரெண்டு தேர்தலிலும், தோற்ற கட்சிக்கு மட்டும் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓட்டு போட்டிருக்கிறார்கள். "காணாமல் போயிட்டாங்க" என்று எழுதப்பட்ட வருஷங்களில், பஸ்ஸில் உங்க பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவங்கதான்.

தோற்ற பக்கத்து ஆளுக்கு வருவது வேற வியாதி. அவனுக்குக் கோபம் ஜெயித்த கட்சி மேல் இல்லை, ஓட்டு போட்ட ஜனங்க மேல். "காசுக்கு விலைபோன கூட்டம்", "ஆயிரம் ரூபாய்க்கு ஓட்டை வித்துட்டாங்க", "ஓசி பஸ் கூட்டம்". இதை நம்ம காலேஜில் கேட்கும்போது எனக்கு நிஜமாகவே எரிச்சல் வரும். காரணம் நம்ம அட்மிஷன் ஃபைலைத் திறந்தால் தெரியும். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையில் படிக்கிற எத்தனை பேர் நம்ம கிளாஸில்? அது 2010ல் திமுக ஆட்சியில் வந்தது. அடுத்து வந்த அதிமுக அதை நிறுத்தவில்லை. ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் 2011ல் அதிமுக ஆட்சியில் வந்தது. என் ரூம்மேட் முதல் ரெண்டு செமஸ்டரை அவன் அக்காவுக்குக் கிடைத்த அந்த லேப்டாப்பில்தான் ஓட்டினான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடஒதுக்கீடு, மருத்துவத்துக்கு 2020ல் அதிமுக ஆட்சியில் வந்தது. அதைப் பொறியியலுக்கு நீட்டித்தது 2021ல் திமுக ஆட்சி. ஒரே ரூமில், ஒரே கட்டிலில், ரெண்டு கட்சி திட்டமும் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதிட்டு இருக்கு. நாம வாங்கினால் உரிமை, மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற அக்கா வாங்கினால் ஓசி. இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியலை.

இந்த வெறுப்பு ஆட்களோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. அது பொதுச் சொத்து மேலே ஏறும்போதுதான் எல்லாரும் பணம் கட்டுகிறோம். 2011ல் ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்வி நிறுத்திவைக்கப்பட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்த பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. ஜூனில் பள்ளி திறந்தாச்சு, புத்தகம் இல்லை! வந்த புத்தகத்திலும் முந்தைய முதல்வர் சம்பந்தப்பட்ட பகுதிகள் மேல் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துப் பார்ப்பதுதான் என் அக்கா கிளாஸில் அந்த வருஷப் பொழுதுபோக்காம். மறைத்து வைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை யாருமே படித்திருக்க மாட்டார்கள் என்பாள்.

2021 மே 4, அடுத்த பக்கத்தின் முறை. ரிசல்ட் வந்து ரெண்டே நாள். சென்னை முகப்பேரில் ஒரு அம்மா உணவகத்துக்குள் திமுகவைச் சேர்ந்த ரெண்டு பேர் புகுந்து போர்டைக் கிழித்து, சாமான்களைத் தூக்கி வீசினார்கள். அந்தக் கடையில் ஒரு ரூபாய்க்கு இட்லி சாப்பிடுகிற ஆட்டோக்காரரோ கட்டட வேலைக்காரரோ எந்தக் கட்சி? யாருக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேர் ரெண்டு நாள் முன்னாடி ஜெயித்த கட்சிக்கே ஓட்டு போட்டிருக்கலாம். ஒரு விஷயம் சொல்லணும்: இன்னும் பதவியே ஏற்காத ஸ்டாலின், போர்டைத் திரும்ப மாட்டச் சொன்னார், அந்த ரெண்டு பேரையும் கட்சியை விட்டு நீக்கச் சொன்னார். அதே ஆண்டு, முந்தைய முதல்வர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகளையும் வீணாக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். 2011ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. மேலே இருப்பவர் ஒரு வார்த்தை சொன்னால் கீழே எவ்வளவு அடங்குது என்று தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

தலைவர்கள் தங்களுக்குள் எப்படி இருக்கிறார்கள்? 2021 மே 7, பதவியேற்பு முடிந்து நடந்த தேநீர் விருந்தில் ஸ்டாலினோடு ஓ.பன்னீர்செல்வம் உட்கார்ந்திருந்தார். நல்ல விஷயம், அப்படித்தான் இருக்கணும். வைகோவை எடுத்துக்கோங்க. 1993ல் திமுக அவரை நீக்கியபோது தொண்டர்கள் தீக்குளித்தார்கள், உயிர் போனது. 2002ல் ஜெயலலிதா அரசு அவரைப் பொடாவில் கைது செய்து வேலூர் சிறையில் வைத்தது. 2006ல் அதே ஜெயலலிதாவோடு கூட்டணி. 2021ல் அவர் கட்சி வேட்பாளர்கள் நின்றது திமுகவின் உதயசூரியன் சின்னத்தில். இதை நான் துரோகம் என்றெல்லாம் சொல்லவில்லை. அரசியலில் நேற்றைய எதிரியோடு பேசத் தெரியணும், அது ஒரு திறமை. என் கேள்வி ஒன்றுதான்: அவர்களால் முடிகிற சமாதானம், அவர்களுக்காகச் சண்டை போடுகிற நமக்கு மட்டும் ஏன் முடியலை? தீக்குளித்தவர் வீட்டில் அடுத்த கூட்டணியை எப்படிக் கேட்டிருப்பார்கள்?

இதெல்லாம் பெரியவங்க விஷயம், நாம வெறும் மீம்தானே போடுறோம் என்று தோன்றினால், தர்மபுரியை ஒரு தடவை தேடிப் படிங்க. அது தேர்தல் முடிவுகூட இல்லை, ஒரு கோர்ட் தீர்ப்பு. 2000 பிப்ரவரி 2, பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்ததும் அதிமுகவினர் சாலையில் இறங்கினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பஸ் ஒன்று கல்விச் சுற்றுலாவில் அந்த வழியாக வந்தது. அதைக் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். நம்ம வயசு, நம்ம மாதிரி ஐவி போனவங்க. அடுத்த வருஷமே மேல்முறையீட்டில் ஹைகோர்ட் ஜெயலலிதாவை விடுவித்தது. எந்தத் தீர்ப்புக்காகப் பஸ் எரிந்ததோ, அந்தத் தீர்ப்பே இல்லை என்று ஆகிவிட்டது. தூக்கு விதிக்கப்பட்ட மூன்று பேருக்கு 2016ல் சுப்ரீம் கோர்ட் அதை ஆயுளாகக் குறைத்தது. 2018ல் வெளியே வந்தார்கள். ஐவி கிளம்பும்போது பஸ் கண்ணாடியில் நம்ம காலேஜ் பேனர் ஒட்டுவோமே, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, நாம என்ன பண்றது? "அரசியல் பேசாதே" என்பதுதான் நம்ம காலேஜ்களின் பதில். ஹாஸ்டல் விதிமுறையில் எழுதியே இருக்கு. எனக்கு இந்த விதிதான் நோயின் ஒரு பாதி என்று தோன்றுகிறது. வகுப்பில் பேசக்கூடாது, மேடையில் பேசக்கூடாது, அதனால் ராத்திரி ஒரு மணிக்கு குரூப்பில் பேசுகிறோம், சிஎஸ்கே, ஆர்சிபி சண்டை போடுகிற அதே பாஷையில். நமக்குத் தெரிந்த எதிர்ப்பக்கம் என்றால் அது எதிர் டீம் ரசிகன்தான். அவனை வாதத்தில் வெல்ல வேண்டிய அவசியம் இல்லை, கலாய்த்தால் போதும். பட்ஜெட்டில் உயர்கல்விக்கு எவ்வளவு, நம்ம ஸ்காலர்ஷிப் ஏன் தாமதமாகிறது, இதில் உங்க கட்சி என்ன சொல்லுது என்று ஒருத்தன் கேட்டால் ரெண்டு பக்கமும் கூகுளைத் திறக்கும். அந்தச் சண்டையை நான் வரவேற்கிறேன். குரல் உயர்ந்தாலும் பரவாயில்லை.

இன்னொன்று. நாம யாருமே ஒரு தேர்தலில் நின்று தோற்றதில்லை. பள்ளியில் லீடரை மிஸ் தேர்ந்தெடுத்தாங்க. இங்கே டிபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளரைச் சிஜிபிஏ பார்த்து எச்ஓடி நியமிக்கிறார். (இந்த மின்னிதழின் ஆசிரியரையும் சீனியர்கள்தான் உட்கார்ந்து முடிவு பண்றாங்க. இந்த வரியை வெட்டாமல் விட்டதற்கு நன்றி.) ஓட்டு கேட்டு நின்று, நம்ம ரூம்மேட்டே நமக்குப் போடவில்லை என்று தெரிந்து, மறுநாள் அவனோடு சேர்ந்து லேப் ரெக்கார்டு எழுதியிருந்தால், தோல்வி என்பது உலகம் முடிவது இல்லை என்று உடம்புக்கே தெரிந்திருக்கும். வரும் செமஸ்டரில் அசோசியேஷன் பதவிகளுக்காவது ரகசிய ஓட்டு வையுங்கள் என்று நாங்கள் சிலர் டீனிடம் எழுதிக் கொடுக்கப் போகிறோம். நாங்கள் மே மாதம் போய்விடுவோம், பலன் ஜூனியர்ஸுக்குத்தான். கையெழுத்து போட விருப்பம் உள்ளவர்கள் எங்கள் பிளாக்குக்கு வாங்க. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி.

தோற்பது பற்றிச் சொல்லும்போது 2024ல் எனக்குப் பிடித்த ஆள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு பாஜக நிர்வாகி. அண்ணாமலை ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டியிருந்தார். தோற்றதும், சொன்ன மாதிரியே மொட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வந்தார். யாரையும் திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. பார்த்தவங்க சிரிச்சிருப்பாங்க, அவரும் சேர்ந்து சிரிச்சிருப்பார்னு நினைக்கிறேன்.

ஓட்டு எண்ணும் நாளில் ஹாஸ்டலில் இருந்தால் மெஸ் டிவி முன்னாடி ரெண்டு பக்கமும் கலந்து உட்காரலாம் என்று எங்கள் ப்ராஜெக்ட் டீமில் சொல்லியிருக்கேன். சேலம்காரன் சரி என்றான். நாகர்கோவில்காரன் "அவன் வர்றானா?" என்று கேட்டான், வேற எதுவும் சொல்லலை. பந்தயத்துக்கு நானும் ரெடி. ஆனால் மொட்டை வேண்டாம்டா, பிளேஸ்மென்ட் இன்டர்வியூ இருக்கு. தோற்றவன் எல்லாருக்கும் ஆளுக்கு ரெண்டு பரோட்டா, சால்னா தனி.